சாய்ந்துகொள்ள ஒரு சுவர்

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வங்கியில் வேலை பார்க்கிற இளைஞர். புதுவீடு கட்டி முடித்துவிட்டார். பூச்சு வேலைக்காரர்கள் இறங்கிப் போன கையோடு பெயிண்ட் அடிப்பவர்கள் ஏணியும் டப்பாக்களுமாக வந்து இறங்கியிருந்தார்கள். “சார், நீங்க சயின்ஸ் வாத்தியாரா இருந்தவங்க. செவரு காஞ்சிருச்சான்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

அறிவியல் வாத்தியாரிடம் ஊரார் கேட்கிற சந்தேகங்களை எல்லாம் நான் ஒரே மாதிரிதான் கையாள்வேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ‘ம்’ என்பேன். அன்றும் அப்படியே செய்தேன். அவர் அந்தண்டை திரும்பிய சமயம் பார்த்துச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உள்ளங்கையை நம்ப முடியாது, வெயிலில் வந்தால் அதற்கு எல்லாமே குளிர்ச்சிதான். கன்னம் ஏமாறாது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தது என் மனைவி.

சுவர் ஜில்லென்றிருந்தது. “இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே” என்றேன். அவர் சிரித்தார். இப்போது வருகிற சரக்கு ஈரம், சுண்ணாம்புக் காரம் எதையும் தாங்குமாம். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவர் டப்பா மூடியை நெம்பித் திறந்தார். டர்பன்டைன் வாசனை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்குக் காது மடல் சூடாகும். வெட்கம்தான். ‘வேலை இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். என்ன வெட்கம் என்று உங்களிடம் சொல்வதில் தடையில்லை. விராலிமலையில் அந்தக் காலத்தில் இருந்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயத்தை உங்களிடம் மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது?

நயா பைசா வந்த புதிது. நான் அங்கே உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துச் சிவகாமியோடு குடியிருந்தேன். வீட்டுக்காரம்மா நல்லவர். கீரை பறித்தால் ஒரு பிடி கொடுப்பார், காய்ச்சல் என்றால் கஷாயம் கொண்டுவருவார். அவருக்கு இருந்த ஒரே பிடிவாதம் சுவர். அவருடைய சுவரில் யாரும் சாயக்கூடாது.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்த நாளில் நாங்கள் எல்லோரும் தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள். வைத்தவர்கள் என்றால் இன்றைக்குப் போல விரல் நுனியில் தொட்டு அல்ல. நெற்றியில் வழிகிற அளவுக்கு. தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தால், தலை பட்ட இடத்தில் தட்டு அகலத்துக்கு ஒரு கறை விழும். எங்கள் அறையில் அப்படி ஏழெட்டுக் கறைகள் ஏற்கெனவே இருந்தன. வீட்டுக்காரம்மா அவற்றை ஆள் ஆளாக அடையாளம் காட்டுவார். “இது முன்னாடி இருந்த ரெவின்யூ இன்ஸ்பெக்டரு. அந்தா ஒசரத்துல இருக்கே, அது அவரு மச்சான். நல்ல வளத்தி.” குடியிருந்து போனவர்களின் படங்களை வரிசையாக மாட்டி வைத்தது போலத்தான். ஒன்பதாவது படமாக நாங்கள் ஆகிவிடக்கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். ஈரத்துணியோடு திடீரென்று உள்ளே வருவார். நாங்கள் சாய்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், எங்கள் தலைக்குப் பின்னால் துணியை நீட்டித் துடைப்பார். அதற்கு இரண்டு திட்டுத் திட்டிவிட்டே போகலாம்.

எனக்கு இது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் நிற்கிறவன், வந்ததும் படுத்துவிடுவேன். சிவகாமிக்கு மார்கழியில் நாள் தள்ளிப்போனது. மாசியில், அரிசி புடைத்துக்கொண்டே அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “சாய எடமில்லைங்க.” ஆவுடையார்கோவில் சிற்பங்களுக்குக்கூடச் சாய்ந்துகொள்ள ஆளுக்கொரு தூண் இருக்கிறது. என் மனைவிக்கு இல்லை.

நல்லவேளையாக வீடு ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மலைக்கோயிலுக்குப் போகிற வழியிலிருந்து பிரிகிற மண்பாதையில், பெரிய கிணற்றடி ஒன்றைத் தாண்டி, ஒரு கூடம், ஒரு அறை, அடுப்படி. சிவகாமி உண்டாவதற்கு முன்பே கடக்கால் போட்டாகிவிட்டது, இல்லாவிட்டால் பெரியவர்கள் மண்வெட்டியைத் தொடவே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்னொரு கணக்கு இருந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஏழாம் மாதம் பிறந்துவிட்டால் புதுவீடு புகக்கூடாது. வைகாசியில் அவளுக்கு ஆறு. ஆனியில் ஏழு, தவிர ஆனியும் ஆடியும் எங்கள் பக்கத்தில் வீடு புகுகிற மாதங்களும் அல்ல. பிள்ளை புரட்டாசிவாக்கில் பிறக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் பச்சை உடம்புக்காரிக்கு ஒத்துவராது, மார்கழி ஆகாது, அப்புறம் தைதான். ஆகவே வைகாசி பத்தாம் தேதி முகூர்த்தம், அதை விட்டால் சிவகாமி கைக்குழந்தையோடு வீட்டுக்காரம்மாவின் அறை நடுவில் வந்து உட்கார வேண்டியது. இந்தக் கணக்கை அவள் ஒருநாள் விரல்விட்டு எண்ணி எனக்கு விளக்கினாள். நான் ‘ம்’ என்றேன். கண்ணாடியைத் துடைத்தேனா என்பது நினைவில்லை.

கொத்தனார் பெயர் சின்னையா. என் வயதுதான் இருக்கும். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு பேசுவார். மாசி கடைசியில் பூச்சு முடித்தார். நாட்டுச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. புதிதாகப் பூசிய அந்தச் சுவரை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. சாம்பல் நிறத்தில், ஈரமாக, மழை பெய்து ஓய்ந்த மாதிரி ஒரு வாசனையோடு நின்றது. மேலே வெள்ளையடித்துவிட்டால் வேலை தீர்ந்தது. ஊரே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது.

ஆனால் நான் படித்தவன். அதிலும் அறிவியல் படித்தவன். பள்ளி நூலகத்தில் சீமையிலிருந்து வந்த பழைய மாதப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தன. என்னைத் தவிர அவற்றைப் பிரித்தது கரப்பான்பூச்சிதான். அவற்றில் ஒன்றில், நீளக் கவுன் போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் தன் அடுப்படிச் சுவரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எண்ணெய்ப் பெயிண்ட் அடித்த சுவர். கறை பிடிக்காது, பிடித்தாலும் துடைத்தால் போய்விடும். எனக்கு உடம்பு புல்லரித்தது. தரையிலிருந்து நாலடி உயரத்துக்கு நம் கூடத்திலும் அடுப்படியிலும் எண்ணெய்ப் பெயிண்ட்! சிவகாமி எண்ணெய்த் தலையோடு எங்கே வேண்டுமானாலும் சாயலாம், சாய்ந்த இடத்தைத் துணியால் ஒரு தேய்ப்பு. எண்ணெயை எண்ணெயாலேயே வெல்வது. இந்த யோசனையின் அழகில் நானே இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன்.

சின்னையாவிடம் சொன்னபோது அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். சுண்ணாம்புச் சுவர் மேல் சுண்ணாம்புதான் பிடிக்கும், ஒரு வருஷம் ஆறப் போட்டு அப்புறம் எதை வேண்டுமானாலும் பூசுங்கள் என்றார். ஏன் என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது போதும். காரணம் சொல்லத் தெரியாதவர்களிடம் நான் வாதத்தில் தோற்றதே கிடையாது. நுண்துளைகள், நீர் ஊடுருவல், ஆவியாதல் என்று அரை மணி நேரம், கரும்பலகை ஒன்றுதான் குறை, ஒரு வகுப்பே நடத்தினேன். கடைசியில், “படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று அவர் இறங்கி வந்தார். அத்தோடு விடவில்லை. மறுவாரம் அந்தப் பக்கமாகப் போனவர்களிடம் நுண்துளையைப் பற்றி அவர் விளக்கிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். தெரிந்த ஒருவருக்குத் தெரிந்ததை மறக்கடித்தவன் நான். முப்பது வருஷ ஆசிரியப் பணியில் என் பாடம் அவ்வளவு ஆழமாக யார் மனதிலும் பதிந்ததில்லை.

திருச்சிக்குப் போய்ப் பெயிண்ட் வாங்கி வந்தேன். கடைக்காரர் காட்டிய அட்டையில் ஒரு பச்சை இருந்தது, இளம் வாழைக்குருத்தின் நிறம். அதைத் தொட்டுக் காட்டினேன். குழம்பு மாதிரி கெட்டியான வஸ்து ஒரு டப்பாவில், அதைக் கரைக்க ஆளிவிதை எண்ணெய் ஒரு டின்னில், டர்பன்டைன் ஒரு பாட்டிலில். திரும்பி வருகிற பஸ்ஸில் பாட்டில் மூடி கொஞ்சம் கசிந்தது. முன் சீட்டில் இருந்தவர் ஏறியதிலிருந்து ஊருக்கு வந்து சேரும் வரை, யாருக்கு மூட்டுவலி, தைலம் நல்ல தைலமாக இருக்கிறதே, எந்தக் கடை என்று விசாரித்துக்கொண்டே வந்தார்.

ஆள் வைக்காமல் நானே அடித்தேன். பள்ளி விட்டதும் நேராகப் போய் லுங்கியைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கடைக்காரர் சொன்ன அளவுக்கு மேலேயே எண்ணெயை ஊற்றிக் கலந்தேன். எண்ணெய் கூடினால் பளபளப்பு கூடும் என்பது என் சொந்த ஆராய்ச்சி. பங்குனி நடுவில் இரண்டாம் பூச்சு முடிந்தபோது கூடம் பளிச்சென்று இருந்தது. சிவகாமியை அழைத்து வந்து காட்டினேன். அட்டையில் வாழைக்குருத்தாக இருந்தது சுவரில் வேறு எதுவாகவோ ஆகியிருந்தது என்பதை அவள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். “தர்மாஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்குங்க” என்றாள். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். பெயிண்ட்டுக்கு மேலே பூசாமல் விட்டிருந்த பகுதியில் அவள் எட்டிக் கன்னத்தை வைத்தாள். முதல்முறையாக அந்தச் சோதனையை அன்றுதான் பார்த்தேன்.

“இன்னும் ஈரமா இருக்கேங்க.”

“பெயிண்ட் அடிச்சாச்சுல்ல. இனிமே ஈரம் வெளிய வராது” என்றேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதே பங்குனியில், அதே வாரத்தில், நாலாம் பாரத்துக்கு, அதாவது இன்றைய ஒன்பதாம் வகுப்புக்கு, நான் சோப்புப் பாடம் நடத்தினேன். நடத்தினேன் என்றால் வெறுமனே வாயால் அல்ல, செய்தே காட்டினேன். தேங்காயெண்ணெயும் காஸ்டிக் சோடாவும் காய்ச்சி, ஆறவைத்து, துண்டு போட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினேன். கரும்பலகையில் பெரிதாக எழுதிப் போட்டேன்: எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. காரம் என்றால் எவை எவை என்று கேட்டேன். வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். ‘சுண்ணாம்பு சார்’ என்று முழு வகுப்பும் ஒரே குரலில் சொன்னது. ‘சபாஷ்’ என்றேன். அப்புறம் சட்டையில் எண்ணெய் படாமல் மடித்து விட்டுக்கொண்டு, சுண்ணாம்புச் சுவருக்கு எண்ணெய் பூசப் போனேன்.

சித்திரை முழுக்க வெயில். சுவர் சாதுவாக இருந்தது. கொஞ்சம் பிசுபிசுத்தது உண்மை. இறுகிக்கொண்டிருக்கிறது என்று கேட்டவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன். வைகாசி இரண்டாம் தேதி தொடங்கி இரண்டு நாள் கோடைமழை கொட்டியது. கதவு இன்னும் மாட்டவில்லை, சாரல் உள்ளே அடித்தது. மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் தச்சர்கள் பெட்ரோமாக்ஸ் ஏற்றி வைத்துக்கொண்டு நிலைக்கதவை இழைத்தார்கள். மழை விட்ட மறுநாள் ஈசல் கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியும். விளக்கைத் தேடி ஆயிரக்கணக்கில் வந்தன. வந்தவை சுவரில் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலையில் நானும் சிவகாமியும் போனபோது என் வாழைக்குருத்துச் சுவருக்கு இறக்கை முளைத்திருந்தது. காற்றடித்தால் நாலடி உயரத்துக்கு மொத்தமும் சிலுசிலுத்தது. அது போதாதென்று கூடத்தின் நடுவில் ஒரு மயில் நின்றிருந்தது.

விராலிமலையில் மயில் அதிசயமில்லை, எங்கள் ஊரில் காக்கைக்கு அடுத்தபடி அதுதான். ஈசல் கிடைத்த சந்தோஷத்தில், தோகையைத் தரையில் இழுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து, ஒவ்வொன்றாகக் கொத்தியது. ஒவ்வொரு கொத்துக்கும் ஈசலோடு ஒரு பொட்டுப் பெயிண்ட்டும் உரிந்து போனது. நான் ‘சூ’ என்று கையை ஓங்கினேன். பின்னால் வந்த சின்னையா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்துவிட்டது.

“வெரட்டாதீங்க சார். முருகனோட வாகனம். அதுவா வந்திருக்கு.”

“செவத்தைக் கொத்துதுய்யா.”

“கொத்தட்டுமே. நம்ம கூப்பிட்டா வருமா?”

தண்ணீர்க் குடத்தோடு போன பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். புது வீட்டுக்கு முருகன் தானே வந்து பார்வையிட்டுப் போகிறான், வாத்தியார் கொடுத்து வைத்தவர் என்று பேச்சு கிளம்பியது. கொடுத்து வைத்தவன் வாசலில் கை கட்டி நின்றேன். மயில் நிதானமாக ஒரு சுவரை முடித்து அடுத்த சுவருக்குப் போனது. முக்கால் மணி நேரம். அது படியிறங்கிப் போனபோது கூடம் முழுக்க அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது.

மிச்சமிருந்த இறக்கைகளைத் துடைக்கலாம் என்று சின்னையா ஒரு சாக்குத்துணியைத் தண்ணீரில் நனைத்துச் சுவரில் தேய்த்தார். தேய்த்தவர் நின்றார். துணியை முகர்ந்து பார்த்தார். மறுபடியும் தேய்த்தார்.

“சார்… நொரைக்குது.”

நான் கிட்டே போனேன். பச்சையாக, மெல்லிசாக, குமிழ் குமிழாக நுரை. எண்ணெயும் காரமும் சேர்ந்தால், என்று ஒரு குரல் எனக்குள் சொல்ல ஆரம்பித்தது. என் குரல்தான். வேதியியல் தெரிந்தவர் யாராவது, சுண்ணாம்பில் உண்டாகும் சோப்பு நுரைக்காதே என்று எனக்குக் கடிதம் எழுதக்கூடும். எழுத வேண்டாம். எனக்கும் தெரியும். சாந்து குழைக்கச் சின்னையா பயன்படுத்தியது பக்கத்துக் கிணற்றின் உவர்த்தண்ணீர். சலவைக்காரர்கள் துணி வெளுக்க உவர்மண் அள்ளுகிற இடம் அது. அந்த உவரில் இருக்கிற சலவைச் சோடாவும் சுண்ணாம்பும் சேர்ந்தால் கிடைப்பது, நான் வகுப்பில் காய்ச்சிக் காட்டிய அதே காஸ்டிக் சோடா. வகுப்பில் கைப்பிடியளவு செய்தேன். வீட்டில் நாலு சுவர்.

முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது. நான் இரண்டு வழிகள் சொன்னேன். ஒன்று, சுவரைச் சுற்றிக் கோரைப்பாய்களைக் கட்டி மறைத்து விழாவை ஒப்பேற்றுவது. இரண்டு, தைக்குத் தள்ளிப்போடுவது. அதற்குள் எல்லாம் இறுகிவிடும், அழகாகச் செய்யலாம். இரண்டாவதைச் சொல்லும்போது நான் சிவகாமியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவள் தச்சர்கள் விட்டுப்போன மரக்கட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள். சத்தமே உயர்த்தாமல் கேட்டாள்.

“செவரு அழகா இருக்கணும்னு நான் எப்பங்க கேட்டேன்? சாயுற மாதிரி இருந்தாப் போதும்னுதானே கேட்டேன்.”

அத்தோடு என் இரண்டு வழிகளும் அடைபட்டன. அவள் எழுந்து சின்னையாவிடம், வெள்ளையடிக்க இன்றைக்கே ஒரு மூட்டை கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றிப் போடுங்கள் என்றாள். பொன்னமராவதி பஸ் கண்டக்டரிடம் அக்காவுக்குத் தகவல் சொல்லி அனுப்பச் சொன்னாள். அப்போதெல்லாம் தந்தியை விட வேகமான வழி அதுதான். என்ன, வழியில் உள்ள நிறுத்தங்களில் எல்லாம் தகவல் கொஞ்சம் இறங்கிவிடும். மறுநாள் மத்தியானம் அவள் அக்கா பொன்னம்மாள் மூன்று பெண்களோடு வந்து இறங்கியபோது, நுனியை அடித்து நாராக்கிய மட்டைகள் கையில் இருந்தன, சோப்புச் சங்கதி வாயில் இருந்தது. அவர்கள் ஊரில் தை பிறப்பதற்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பது பெண்கள்தான். ஏணியில் ஏறுவதற்கு என்னைப் போல யோசிக்க மாட்டார்கள்.

முதலில் சுரண்டல். கொட்டாங்கச்சி, சின்னையாவின் பூச்சுக் கரணை, தேங்காய் நார், கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தண்ணீர் ஊற்ற ஊற்ற நுரை பெருகி வாசல்வழியாக ஓடியது. “தம்பி, இம்புட்டுச் சோப்பு இருக்குன்னு சொல்லிவிட்டிருந்தா அழுக்குத் துணிய மூட்டை கட்டிக் கொண்டாந்திருப்பேனே” என்றாள் பொன்னம்மாள். மற்ற மூவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை தண்ணீர் கொண்டுவருவது. அதிலும் ஒரு கட்டுப்பாடு: உவர்க்கிணற்றுப் பக்கம் போகக்கூடாது. வாளியோடு நான் உள்ளே வரும்போதெல்லாம், இதில் எதையும் கலக்கவில்லையே என்று ஒருத்தி மாற்றி ஒருத்தி கேட்டார்கள். சிவகாமி மரக்கட்டையில் உட்கார்ந்தபடி எந்த மூலை விட்டுப்போயிருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் அதிகாரம் யார் கையில் என்பது தெளிவாயிற்று. அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் குழப்பமே ஏற்பட்டதில்லை.

மூன்று நாளில் பச்சை போய் வெள்ளை வந்தது. வெள்ளையடிக்கிற சுண்ணாம்பில் பசை காய்ச்சி ஊற்றினால்தான் தொட்டால் ஒட்டாது. அதற்கு நேரமில்லை. ஒரு சிட்டிகை நீலம் மட்டும் போட்டு, மூன்று கை ஓட்டி முடித்துவிட்டார்கள்.

வைகாசி பத்தாம் தேதி விடிவதற்குள் பசுவும் கன்றும் உள்ளே வந்தன, பால் பொங்கியது. வந்தவர்கள் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தால் சாயாமல் இருக்க முடியுமா? சாய்ந்தார்கள். எழுந்தபோது முதுகெல்லாம் சுண்ணாம்பு. வெள்ளைச் சட்டைக்காரர்கள் தப்பித்தார்கள். பட்டுச்சேலைகளும் எங்கள் தலைமையாசிரியரின் கறுப்புக் கோட்டும்தான் பாடுபட்டன. ஆனால் யாரும் முகம் சுளிக்கவில்லை. “திரும்பு”, “இங்கிட்டு வா”, “இன்னும் கொஞ்சம் கீழ” என்று ஒருவர் முதுகை ஒருவர் தட்டிவிட்டபடி வாசலில் நின்றார்கள். பேசிப் பல மாதமான இரண்டு பங்காளிகள்கூட, சொல்லாமல் கொள்ளாமல் மாற்றி மாற்றித் தட்டிவிட்டுக்கொண்டு போனதைப் பார்த்தேன்.

வீட்டுக்காரம்மா கொஞ்சம் தாமதமாக வந்தார். தாம்பூலத் தட்டை வைத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வெயிலில் நடந்து வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. எண்ணெய் மினுங்கும் கொண்டை. முதுகை நிமிர்த்தியே வைத்திருந்தார். சிவகாமி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றாள்.

“சாஞ்சுக்கங்கம்மா.”

“வேணாந்தாயி. புதுச் செவரு. எண்ணெ ஒட்டிக்கும்.”

“ஒட்டட்டும். நல்லாச் சாஞ்சுக்கங்க.”

வீட்டுக்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். என்ன நினைத்தாரோ, மெல்ல நகர்ந்து சுவரோடு சேர்ந்து சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார். மோர் முழுவதும் குடிக்கும் வரை அப்படியே இருந்தார். அவர் எழுந்ததும் சிவகாமியே அவர் முதுகைத் தட்டிவிட்டாள். இதில் எவ்வளவு பழிவாங்கல், எவ்வளவு பிரியம் என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் என்னிடம் சூத்திரம் இல்லை.

எல்லோரும் போன பிறகு, அடுப்படிச் சுவரோரம் சிவகாமி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். தலையைப் பின்னால் சாய்த்தாள். நான் எதிரில் நின்று, வலிக்கிறதா, ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள் என்றாள். இருந்தேன்.

பொழுது சாய மலைக்கோயிலுக்குக் கிளம்பினோம். வாசற்படியில் அவள் எனக்கு முதுகைக் காட்டி நின்றாள். சேலை முழுக்க வெள்ளை. நான் தட்டிவிட்டேன். இங்கே நீங்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி தெருவில் சேர்ந்து நடப்பதில்லை; நான் பத்தடி முன்னால், அவள் பத்தடி பின்னால். நாலு பேர் பார்க்கிற இடத்தில் அவள் கையில் என் கை பட்டால் ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள். ஆனால் முதுகில் சுண்ணாம்பைத் தட்டிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அது வீட்டு வேலையில் சேர்ந்தது. எதிர்ப்பட்டவர்கள், ‘அந்தா தோள்ல கொஞ்சம் இருக்கு சார்’ என்று எனக்கு இடம்கூடக் காட்டினார்கள்.

ஏழு வருஷம் அந்த வீட்டில் வெள்ளைச் சுவரோடு வாழ்ந்தோம். மகள் அதைச் சுரண்டித் தின்று வளர்ந்தாள். வருஷா வருஷம் பொன்னம்மாள் மட்டையோடு வருவாள், பசை காய்ச்ச வருஷா வருஷம் ஏதோ காரணத்தால் நேரமில்லாமல் போகும். எங்கே கிளம்பினாலும் வாசற்படியில் சிவகாமி முதுகைக் காட்டி நிற்பாள், நான் தட்டிவிடுவேன். சில நாள் சுண்ணாம்பு அதிகமாக இருக்காது. இருந்தாலும் எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

அப்புறம் சுவர் நன்றாகவே காய்ந்துவிட்டது. திருச்சியிலிருந்து விவரம் தெரிந்த ஆள் ஒருவரை வரவழைத்து, முறைப்படி அடிப்பூச்சு கொடுத்து, கழுவினாலும் போகாத பெயிண்ட் அடித்தோம். சந்தன நிறம். நுரைக்கவில்லை, பிசுபிசுக்கவில்லை, ஈசல் வந்தது, உட்கார்ந்து எழுந்து போய்விட்டது. சின்னையா வந்து தடவிப் பார்த்துவிட்டு, நுண்துளை எல்லாம் அடைபட்டிருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தார். முதல்முறையாக என் வாழ்க்கையில் ஒரு காரியம் அறிவியல் சொன்னபடி நடந்திருந்தது.

அந்த வாரம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். சிவகாமி வாசற்படியில் நின்று பழக்கத்தில் முதுகைத் திருப்பினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். கருநீலச் சேலை, சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

“ஒண்ணும் இல்ல” என்றேன்.

அறிவியல் வாத்தியார். பொய் சொல்ல வரவில்லை. அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினாள். அதற்குப் பிறகு எந்த வாசற்படியிலும் அவள் அப்படித் திரும்பி நின்றதில்லை.